மணிக்கட்டு முறிந்தால் யார் பணம் கட்டுவது?

தமிழ்நாட்டில் மெடிக்கல் கோடிங், அதாவது நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீட்டு எண் இடும் வேலை, என்றதும் எல்லோருக்கும் ஒரே படம்தான் மனதில் வரும். பயோடெக்னாலஜியோ பிசியோதெரபியோ படித்துவிட்டு வேலை தேடி அலைந்த பிள்ளைகள், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடம், வாசலில் கம்பெனி வேன், கணினித் திரையில் முகம் தெரியாத அமெரிக்க நோயாளியின் கோப்பு. நானும் அந்தப் படத்துக்குள் இருந்தவள்தான். கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த பிறகும் அதே தொழிலைத்தான் செய்கிறேன். பெயர் ஒன்று என்பதைத் தவிர, இரண்டு வேலைகளுக்கும் பொதுவாக எதுவும் இருப்பதாகச் சில நாட்களில் தோன்றுவதே இல்லை.

ஊரிலிருந்து சித்தி மகள்களும் அவர்களுடைய தோழிகளும் அடிக்கடி கேட்கிறார்கள்: இந்தத் தொழிலில் எதிர்காலம் உண்டா, எந்தத் தேர்வு எழுத வேண்டும், கணினியே எல்லாவற்றையும் செய்துவிடும் என்கிறார்களே, உண்மையா? ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிச் சலித்துவிட்டது. ஆகவே இது.

சென்னை வேலையைக் குறைத்துப் பேச மாட்டேன். என் அடித்தளம் அங்கே போட்டதுதான். 2015 அக்டோபர் 1-ஆம் தேதி நோய்களுக்குக் குறியீடு கொடுக்கும் ஐசிடி பட்டியலில், அமெரிக்கா ஐசிடி-9-ஐக் கைவிட்டு ஐசிடி-10-சிஎம்முக்கு மாறியது. குறியீடுகள் ஏறத்தாழ பதினான்காயிரத்திலிருந்து எழுபதாயிரத்துக்குத் தாவின. அந்தத் தாவலில் சென்னையில் ஆயிரக்கணக்கான நாற்காலிகள் முளைத்தன. ஆஸ்பத்திரிக் கோப்பைப் படிப்போம், நோய்க்கு ஒரு குறியீடு, செய்த சிகிச்சைக்கு ஐந்து இலக்கச் சிபிடி குறியீடு என்று இடுவோம், அடுத்த கோப்புக்குப் போவோம். தரப் பரிசோதனையில் 95 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் குழுத் தலைவர் கூப்பிடுவார். கிளெய்ம், அதாவது பணம் கேட்டுக் காப்பீட்டுக்கு அனுப்பும் கணக்கு, திரும்பி வந்தால் அதை இரவு ஷிப்டில் இருப்பவர்கள் தொலைபேசியில் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு அது தெரியவே தெரியாது. கடைசியில் அந்தப் பணத்தை யார் கட்டினார், காப்பீட்டு நிறுவனமா, நோயாளியா என்பது ஒருநாளும் என் மேசைக்கு வந்ததில்லை.

இங்கே அந்த நோயாளி மேசைக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

நான் இருப்பது டர்பனின் சாட்ஸ்வொர்த்தில். நிறவெறி ஆட்சியின் குழுப்பகுதிச் சட்டத்தின் கீழ் 1960-களில் இந்தியர்களைக் குடியேற்ற எழுப்பிய பகுதி இது. இன்றும் பழைய ஆட்கள் தெருப் பெயரைச் சொல்லாமல் யூனிட் எண்ணைச் சொல்லித்தான் வழி காட்டுவார்கள். பொது மருத்துவர் ஒருவரின் சர்ஜரியில் எனக்கு வேலை. டாக்டர் உட்கார்ந்து நோயாளி பார்க்கும் இடத்துக்கு இங்கே அதுதான் பெயர், யாரும் யாரையும் அறுப்பதில்லை. டாக்டர், ஒரு நர்ஸ், ரிசப்ஷனில் இருபது வருடமாக ஊரையே அறிந்த ஓர் அக்கா, பின்னறையில் கணக்கும் கோடிங்குமாக நான்.

தென்னாப்பிரிக்காவில் மருத்துவம் இரண்டு உலகங்களாகப் பிரிந்து கிடக்கிறது. நூற்றுக்குச் சுமார் எண்பத்தைந்து பேர் அரசு ஆஸ்பத்திரிகளை நம்பியிருப்பவர்கள். சாட்ஸ்வொர்த்தில் அது 1969-இல் திறந்த ஆர்.கே. கான் ஆஸ்பத்திரி. மீதிப் பேர், சுமார் தொண்ணூறு லட்சம், மாதாமாதம் சந்தா கட்டி 'மெடிக்கல் எய்டு' வைத்திருப்பவர்கள். 1998-ஆம் ஆண்டின் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டம் இந்த இரண்டாவது உலகத்தை ஆள்கிறது. அதன் விதிகளின்படி கிளெய்மில் நோயின் குறியீடு இருந்தாக வேண்டும். ஐசிடி-10-ஐ இந்த நாடு 1996-லேயே தேசியத் தரமாக ஏற்றுக்கொண்டது. 2005-லிருந்து கிளெய்ம்களில் அதைப் படிப்படியாகக் கட்டாயமாக்கினார்கள். அமெரிக்கா பயன்படுத்துவது தன் வசதிக்கு ஊதிப் பெருக்கிய பதிப்பு. இங்கே இருப்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மூலப் பதிப்பு, அதன் மேல் சில உள்ளூர் ஒட்டுகள். சென்னையில் வாங்கிய சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டு வந்து இறங்கினாலும் இந்த ஒட்டுகளைப் புதிதாகத்தான் படிக்க வேண்டும். சிகிச்சைக்கான எண்களும் வேறு. மருந்துக்கும் பஞ்சு, பேண்டேஜுக்கும் 'நாப்பி' என்று ஒரு தனிக் குறியீடு.

விளக்கம் போதும், ஒரு கிளெய்மைக் காட்டுகிறேன்.

போன புரட்டாசி பிறப்பதற்கு முந்தின வாரம். டர்பன் தமிழர்கள் புரட்டாசியை எடுத்துக்கொள்ளும் தீவிரத்தைப் பார்த்தால் நம் ஊரில் நாம் செய்வது வேடிக்கை என்று தோன்றும். வீடு முழுக்கக் கழுவி, பாத்திரம் மாற்றி, மாதம் முழுக்கக் கறி மீன் கிடையாது. எழுபது தாண்டிய தாத்தா ஒருவர் வராந்தாவை ஹோஸ் பைப்பால் கழுவும்போது வழுக்கி, இடக்கையை ஊன்றி விழுந்திருக்கிறார். காலையில் வந்தார். கை வீங்கியிருந்தது. டாக்டர் "மணிக்கட்டு வலி, வீக்கம், எக்ஸ்ரே தேவை" என்று எழுதி அனுப்பினார். அந்த நேரத்தில் தெரிந்தது வலி மட்டும்தான், ஆகவே குறியீடு எம்25.53, முன்கை மூட்டு வலி. மென்பொருள் கிளெய்மை அனுப்பியது. ஒரு நிமிடத்துக்குள் பதிலும் வந்தது: உறுப்பினரின் சேமிப்புக் கணக்கில் பணம் இல்லை, நோயாளி கட்ட வேண்டும்.

இந்தச் சேமிப்புக் கணக்கு என்பது சந்தாவிலிருந்து ஒதுக்கும் பகுதி. சந்தாவில் 25 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்கக் கூடாது என்று விதி. ஜனவரியில் நிரம்பும். சளி, காய்ச்சல், பல், கண்ணாடி என்று கரைந்து, செப்டம்பருக்குள் பாதிக் குடும்பங்களுக்கு வற்றிவிடும். ஆண்டின் கடைசி நான்கு மாதங்களில் எங்கள் ரிசப்ஷனில் நடக்கும் வாக்குவாதங்கள் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

மதியம் தாத்தா எக்ஸ்ரேயுடன் திரும்பி வந்தார். ஆரை எலும்பின் கீழ்முனையில் முறிவு, தோல் கிழியவில்லை. குறியீடு இப்போது எஸ்52.50. கடைசிச் சுழியம் 'மூடிய முறிவு' என்பதற்கு. கோப்பில் இதை மட்டும் எழுதி அனுப்பினால் கிளெய்ம் திரும்பி வரும். காயம் என்றால், அதாவது எஸ் அல்லது டி-யில் தொடங்கும் குறியீடு என்றால், காயம் எப்படி நேர்ந்தது என்ற புறக்காரணக் குறியீடும் கூடவே வர வேண்டும். டாக்டரின் குறிப்பில் 'விழுந்தார்' என்று ஒரு சொல்தான் இருந்தது. நான் வெளியே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தாத்தா, எங்கே விழுந்தீர்கள்?"

"வீட்டில்தான், அம்மா. வராந்தாவில்."

"என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

"கழுவிக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் மெடிக்கல் எய்டுக்காரன் ஏன் கேட்கிறான்?"

டபிள்யூ01 என்றால் சமதரையில் வழுக்கியோ தடுக்கியோ விழுவது. அடுத்த இலக்கம் இடம்: வீடு சுழியம், பள்ளி 2, தெரு 4, தொழிற்சாலை 6, பண்ணை 7. அதற்கும் அடுத்தது அப்போது செய்த காரியம்: சம்பள வேலை என்றால் 2, வீட்டுவேலை என்றால் 3. தாத்தாவின் வராந்தா டபிள்யூ01.03 ஆனது.

ஏன் கேட்கிறான் என்று தாத்தா கேட்டதுதான் சரியான கேள்வி. அவர் அதே வராந்தாவைச் சம்பளத்துக்குக் கழுவியிருந்தால் மெடிக்கல் எய்டு விலகிக்கொள்ளும். அது வேலைவிபத்து. 1993-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டப்படி கணக்கு இழப்பீட்டு நிதிக்குப் போக வேண்டும். இன்னொருவர் வீட்டில் வேலை செய்பவர்களை அந்தச் சட்டம் வெகுகாலம் வெளியே நிறுத்தி வைத்திருந்தது. பிரிட்டோரியாவில் 2012-இல் முதலாளி வீட்டு நீச்சல்குளத்தில் மூழ்கி இறந்த மரியா மஹ்லாங்குவின் மகள் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போராடி, 2020 நவம்பரில்தான் அந்தக் கதவு திறந்தது. வண்டி மோதி விழுந்திருந்தால் சாலை விபத்து நிதி வந்து நுழையும். ஆக, ஒரே கை, ஒரே முறிவு, ஒரே எக்ஸ்ரே. பணம் யார் பையிலிருந்து என்பதைச் சொல்வது அந்தக் குட்டிப் புறக்காரணக் குறியீடு.

காலையில் போன கிளெய்மை ரத்து செய்து, இரண்டு குறியீடுகளுடன் மறுபடி அனுப்பினேன். கைகால் எலும்பு முறிவு, விரல்கள் நீங்கலாக, 'பரிந்துரைக்கப்பட்ட குறைந்தபட்சப் பயன்கள்' பட்டியலில் வருவது. நாங்கள் பிஎம்பி என்போம். சுமார் 270 நோய்–சிகிச்சை இணைகளும், நீரிழிவு, ரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்ற இருபத்தாறு நாட்பட்ட நோய்களும் அதில் உண்டு. அவசர சிகிச்சையும் அதில் சேரும். அவற்றுக்கு ஸ்கீம், அதாவது மெடிக்கல் எய்டை நடத்தும் அமைப்பு, தன் பொது நிதியிலிருந்து கொடுத்தாக வேண்டும், சேமிப்புக் கணக்கில் கைவைக்கக் கூடாது. தாத்தாவின் கணக்கு தீர்ந்தது. அவர் போகும்போது ஒரு பிளாஸ்டிக் உறையைத் திறந்து மெடிக்கல் எய்டு அட்டையை உள்ளே வைத்தார். அதே உறையில், நான்காக மடித்த ஒரு நகல்: ஒப்பந்தக் கூலியாக மதராஸிலிருந்து கப்பலேறி வந்த அவருடைய பாட்டனாரின் பதிவு. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடம்பில் உள்ள அடையாளம். 1860-இல் ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்ததிலிருந்து 1911 வரை டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு வந்த ஒன்றரை லட்சம் பேருக்கும் இப்படி ஒரு வரி உண்டு. ஆட்களை எண்ணாக்கிக் கோப்பில் வைப்பது இந்தத் தொழிலின் கண்டுபிடிப்பு அல்ல என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பட்டியலின் வேரும் அதே காலம்தான். பாரிசின் புள்ளியியலாளர் பெர்ட்டியோன் தயாரித்த மரணக் காரணப் பட்டியலைப் புள்ளியியல் அறிஞர்கள் 1893-இல் ஏற்றார்கள். ஐசிடி அதன் வாரிசு.

இப்போது என்னிடம் கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்பும் ஒரே விஷயத்துக்கு வருகிறேன். இந்த வேலையின் கூர்மை குறியீட்டைத் தெரிந்து வைத்திருப்பதில் இல்லை, எழுதாமல் விட்டதைக் கேட்பதில் இருக்கிறது. டாக்டர் "நெஞ்சு வலி" என்று எழுதினால் ஆர்07.4, காரணம் தெரியாத வலி. அதே ஆளுக்கு, ஈசிஜி பார்த்துவிட்டு, "நிலையற்ற ஆஞ்சைனா" என்று எழுதினால் ஐ20.0. முன்னது அறிகுறி, பின்னது இதய நோய். ஸ்கீமின் கணினி முன்னதைச் சேமிப்புக் கணக்குக்குத் தள்ளிவிடக்கூடும். பின்னதை அப்படித் தள்ள முடியாது. டாக்டர் மனதில் ஆஞ்சைனா இருந்து, கை அவசரத்தில் வலி என்று எழுதிவிட்டால், அந்த இடைவெளியில் விழுவது ஓய்வூதியக்காரர் ஒருவரின் மாத வாடகையாக இருக்கலாம். அப்போது கதவைத் தட்டி, "டாக்டர், உங்கள் முடிவு என்ன, எழுதித் தர முடியுமா?" என்று கேட்கத் துணிவு வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு, அது இன்னும் முக்கியம். டாக்டர் சந்தேகம் மட்டும் படுகிறார் என்றால் அறிகுறியைத்தான் எழுத வேண்டும். நோயாளி பாவம், பணம் இல்லாதவர் என்பதற்காக ஆஞ்சைனாவை நாமே ஏற்றிவிட முடியாது. அது மோசடி. அதைவிட மோசம், அந்த மனிதரின் கோப்பில் இல்லாத இதய நோய் ஒன்று நிரந்தரமாகக் குடியேறிவிடும். நாளை ஆயுள் காப்பீடு கேட்டுப் போகும்போது அது அவருக்கு முன்னால் போய் நிற்கும். "தெரிந்த டாக்டர்தானே, கொஞ்சம் மாற்றிப் போடம்மா" என்று உறவுக்காரர்களே கேட்பார்கள். கோயிலில் பார்க்கும் முகங்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை அதே முகங்களுக்கு வணக்கம் சொல்லவும் வேண்டும்.

நேரமும் இப்படித்தான். பொது மருத்துவரின் ஆலோசனைக்கு 0190, 0191, 0192 என்று படிகள். முதலாவது பதினைந்து நிமிடம் வரை, அடுத்தது அரை மணி வரை, அதற்கும் மேலே மூன்றாவது. வருகிறவர் எல்லோருக்கும் 0191 போடும் டாக்டரை ஸ்கீமின் கணினி கவனித்துக்கொண்டே இருக்கும். மற்ற டாக்டர்களோடு ஒப்பிடும், ஒருநாள் தணிக்கைக் கடிதம் வரும். இந்தக் கண்காணிப்பே நேர்மையாக நடக்கிறதா என்பது வேறு சண்டை. கறுப்பின, இந்திய டாக்டர்கள் 2019-இல் எழுப்பிய புகாரின் மேல் வழக்கறிஞர் டெம்பேக்கா நுகுகைட்டோபி தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. இனவாரியாக டாக்டர்களுக்கு வேறுபாடான விளைவுகள் நேர்ந்திருப்பதை அதன் 2021 இடைக்கால அறிக்கை பதிவு செய்தது. 2025-இல் இறுதி அறிக்கையும் வந்தது. நாம் அன்றன்றைக்கு இடும் எண்கள் சேர்ந்து ஒரு டாக்டரின் முகமாக எங்கோ உருவாகிக்கொண்டிருக்கின்றன. குறிப்பில் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் இல்லாமல் 0191 போடாதே என்று எங்கள் டாக்டரிடம் நான் சண்டை பிடிப்பது அதனால்தான்.

ஒரு குறியீட்டை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். யூ98.0. நோயாளி தன் நோய் விவரத்தை வெளியிட மறுக்கிறார் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா சேர்த்துக்கொண்ட உள்ளூர்க் குறியீடு. மெடிக்கல் எய்டு கணவர் பெயரில் இருக்கும், கணக்கு அறிக்கை அவருக்குப் போகும், அதில் மனைவியின் குறியீடு இருக்கும். எஃப்32.9 என்பது என்னவென்று இணையத்தில் தட்டிப் பார்க்க இரண்டு நொடி போதும். ஒரு மருமகள் என் அறைக் கதவைச் சாத்திவிட்டு, "அக்கா, மன அழுத்தம் என்று மட்டும் போய்விடக் கூடாது, மாமியார் வரை போகும்" என்றாள். அவளுக்கு இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாது. யூ98.0 போட்டால் ஸ்கீம் பணம் தராமல் போகலாம் என்பதையும் சொன்னேன். கைப்பையைத் திறந்து ரொக்கமாகக் கட்டினாள். உரிமைக்கு இந்த நாட்டில் விலை உண்டு. இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. சென்னையில் சொல்லியிருக்க வாய்ப்பும் இல்லை.

எப்படி நுழைவது? இங்கே பெரும்பாலோர் ரிசப்ஷன் வழியாகத்தான் வருகிறார்கள். மெட்ரிக்கில், அதாவது இங்கே பன்னிரண்டாம் வகுப்பில், உயிரியல் இருந்தால் நல்லது. மருத்துவச் சொற்கள், உடற்கூறு, ஐசிடி-10 ஆகியவற்றில் குறுகிய காலப் படிப்புகள் இருக்கின்றன. ஆஸ்பத்திரிகளும், டாக்டர்களின் கணக்கை ஏற்று நடத்தும் பில்லிங் அலுவலகங்களும், ஸ்கீம்களை நிர்வகிக்கும் நிறுவனங்களும் ஆட்களை எடுக்கின்றன. சம்பளம் தொடக்கத்தில் சுமார்தான், மறைப்பதற்கில்லை. ஆஸ்பத்திரிக்குள் இருந்துகொண்டு ஸ்கீம்களுடன் பேசும் கேஸ் மேனேஜர் பதவி பெரும்பாலும் நர்சிங் படித்தவர்களுக்கே போகிறது. ஆகவே நர்சிங் முடித்து, வார்டு வேலையில் முதுகு ஒடிந்தவர்களுக்கு இது நல்ல இரண்டாவது கதவு. அமெரிக்கக் கோப்புகளுக்கே போக விரும்புகிறவர்களுக்குச் சிபிசி என்னும் அமெரிக்கக் கோடிங் சான்றிதழ்த் தேர்வு: நூறு கேள்வி, நான்கு மணி நேரம், எழுபது விழுக்காடு. அந்தச் சான்றிதழ் சென்னையில் தங்கம். இங்கே நேர்காணலில் ஒரு நல்ல பேச்சுத் தொடக்கம், அவ்வளவுதான்.

படிக்கும்போது ஒரு பழக்கத்தை மட்டும் விடாதீர்கள். ஐசிடி-10 மூன்று தொகுதி. மூன்றாவது தொகுதி அகரவரிசை. அதில் தேடிக் கண்டுபிடித்த குறியீட்டை முதல் தொகுதியில் திருப்பிப் பார்த்து, அதன் கீழே 'இதைச் சேர்க்காதே' என்று எழுதியிருப்பதைப் படிக்காமல் எழுதக் கூடாது. மென்பொருளின் தேடல் பெட்டியில் மூன்று எழுத்து தட்டி, முதலில் வருவதைச் சொடுக்குகிறவர்கள்தான் இன்று அதிகம். நீரிழிவால் விழித்திரை கெட்டவருக்கு ஈ11.3-உம் கூடவே எச்36.0-உம் வேண்டும். முதலாவது மூல நோய், அதில் குத்துவாள் குறி; இரண்டாவது அதன் விளைவு, அதில் நட்சத்திரக் குறி; வரிசை மாறக் கூடாது. தேடல் பெட்டிக்கு இந்த ஜோடிப் பொருத்தம் தெரியாது.

கணினி எல்லாவற்றையும் விழுங்கிவிடுமா என்ற கேள்விக்கு: சளி, காய்ச்சல், பிரஷர் மாத்திரை ரிபீட் ஆகியவற்றை ஏற்கெனவே விழுங்கிவிட்டது. எங்கள் மென்பொருளே அவற்றுக்குக் குறியீடு முன்வைக்கிறது, நான் ஒப்புதல் மட்டும் கொடுக்கிறேன். ஒரு நாளைக்கு இத்தனை கோப்பு என்று எண்ணிக்கையில் மட்டும் வாழும் வேலைக்கு ஆபத்து இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். வராந்தாவில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டு, கோப்பில் இல்லாத பதிலை வாங்கி வரும் வேலைக்கு அவ்வளவு சீக்கிரம் இல்லை.

இங்குள்ளவர்களின் பயம் வேறு. அரசு நிதியிலிருந்தே எல்லோருடைய சிகிச்சைக்கும் பணம் கொடுக்க வழிசெய்யும் தேசியச் சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தில் அதிபர் ராமபோசா 2024 மே 15-இல் கையெழுத்திட்டார். அது முழுமையாக நடைமுறைக்கு வந்தால் மெடிக்கல் எய்டுகள் சுருங்கிவிடும், நம் வேலை போய்விடும் என்று ரிசப்ஷன் அக்கா புலம்புகிறார். எனக்கு அந்தப் பயம் இல்லை. பணம் கொடுப்பது ஸ்கீமாக இருந்தாலும் அரசாக இருந்தாலும், என்ன நோய்க்கு என்று கேட்காமல் யாரும் கொடுக்கப் போவதில்லை. ஐசிடி-11 வேறு 2022 ஜனவரியிலிருந்து உலகளவில் நடைமுறைக்கு வந்துவிட்டது. இந்த நாடு அதற்கு மாறும் நாளில் எல்லோரும் மறுபடி முதல் வகுப்பில் உட்கார வேண்டியதுதான்.

கடைசியாக, நோயாளிகளாக இருக்கும் டர்பன் வாசகர்களுக்கு. டாக்டரின் கணக்கு ஸ்கீமுக்குப் போய்ச்சேர, சிகிச்சை நடந்த மாதம் முடிந்து நான்கு மாதம் அவகாசம். கணக்கில் பிழை இருந்தால் ஸ்கீம் முப்பது நாளுக்குள் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு திருத்தி அனுப்ப அறுபது நாள். 'நோயாளி கட்ட வேண்டும்' என்று குறுஞ்செய்தி வந்தவுடன் அட்டையை எடுத்து நீட்டாதீர்கள். எங்களைப் போன்றவர்களிடம் வந்து, என்ன குறியீடு போட்டீர்கள், இது பிஎம்பியா என்று கேளுங்கள். திங்கட்கிழமை காலை மட்டும் வேண்டாம். அன்று வாரக்கடைசிக் காய்ச்சல் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். புதன் மதியம் வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.